மிஷினுக்கு 30 ஆயிரம். உயிருக்கு ஒரு பழைய கயிறு! கோவை மரம் வெட்டிகளின் அந்தரத்துப் பிழைப்பு

காலை ஏழு மணிக்கு டாடாபாத்திலோ, சித்தாபுதூரிலோ, ராம்நகரிலோ "டர்ர்ர்ர்" என்று ஒரு சத்தம் கேட்டால் அண்ணாந்து பாருங்கள்.

மூன்றாவது மாடி உயரம். ஒரு கால் ஒரு கொப்பில். இன்னொரு கால் இன்னொரு கொப்பில். கையில் ஓடுகிற ரம்பம். இடுப்பில் ஒரு கயிறு. சில ஆட்களுக்கு அதுவும் இல்லை! கீழே ஒரு பையன் வாயைப் பிளந்து நின்றபடி, "ண்ணா, பாத்துண்ணா!" என்று கத்திக்கொண்டிருப்பான்.

மேலே நிற்பவருக்கு முதலாளி கிடையாது. மாதச் சம்பளம் கிடையாது. லீவு, போனஸ் எதுவும் கிடையாது. அவரே முதலாளி, அவரே தொழிலாளி. ஒரு டி.வி.எஸ். 50 வண்டி, அதில் ஒரு ரம்பம், ஒரு கேன் பெட்ரோல், ஒரு கட்டுக் கயிறு. கம்பெனி அவ்வளவுதான்!

மேலை நாட்டில் இந்தத் தொழிலுக்குப் பெரிய மரியாதை. "மர வைத்தியர்" என்கிறார்கள். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜான் டேவி என்பவர், மரத்துக்கு வைத்தியம் செய்வது பற்றி 1901-ம் ஆண்டிலேயே ஒரு புத்தகம் எழுதினார். அவர் தொடங்கிய கம்பெனி இன்றும் நடக்கிறது. அங்கே படித்துத் தேறி, சர்டிபிகேட் வாங்கிக்கொண்டுதான் பலரும் மரத்தில் ஏறுகிறார்கள்.

நம் ஊரில்? "மரவெட்டி வந்துட்டானா?" என்று கேட்கிறோம். அவ்வளவுதான் மரியாதை.

கேட்டில் நடக்கும் பேரம்

இவர்கள் என்ன கருவி வாங்குகிறார்கள், எதை வாங்காமல் விடுகிறார்கள் என்பது கடையில் முடிவாவதில்லை. நம் வீட்டு கேட்டில் முடிவாகிறது. பேரம் பெரும்பாலும் இந்த மாதிரிதான் போகும்:

"ஏனுங் தம்பி, இந்த வேப்பமரத்தை அரக்கோணும். எவ்வளவு ஆகும்?"

"மூணு வாது வூட்டு மேல சாஞ்சிருக்குதுங்கம்மா. கரண்டு கம்பி வேற பக்கத்துல போவுது. ஆறாயிரம் குடுங்க."

"ஆறாயிரமா! போன வருசம் பக்கத்து வூட்டுல மூவாயிரத்துக்கு முடிச்சாங்களே!"

"அது முருங்கைங்கம்மா. இது வேம்பு. சரி, வெறகை நீங்களே வெச்சுக்குங்க, அஞ்சு குடுங்க."

"கேஸ் அடுப்பு எரியற வூட்டுல வெறகை வெச்சு என்ன பண்ணட்டும்? நீங்களே எடுத்துட்டுப் போங்க. தழையும் ஒண்ணு விடாம அள்ளிட்டுப் போயிரோணும். நாலாயிரம். அதுக்கு மேல ஒரு பைசா இல்லை."

நாலாயிரத்தில் முடிந்தது என்று வையுங்கள். உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். கீழே கயிறு பிடிக்க, தழை அள்ள இரண்டு ஆட்கள். தலைக்கு ரூ.900 என்றால் ரூ.1,800. பெட்ரோல், செயின் ஆயில் ரூ.400. தழையை ஏற்றிப் போக குட்டி யானை வண்டி வாடகை ரூ.900. மீதி ரூ.900. மேலே ஏறி நின்றவருக்கு, கீழே நின்றவரின் கூலிதான் மிச்சம்! விறகுக் கடைக்காரர் கொடுப்பது தனி. வேம்பு, புளி என்றால் நாலு காசு கிடைக்கும். தென்னை, முருங்கை என்றால் அதுவும் இல்லை. குப்பைதான்.

இந்த 900 ரூபாயில் வீடு, பிள்ளைகள் படிப்பு, மிஷின் தவணை எல்லாம் நடக்கவேண்டும். நல்ல கயிறு வாங்க எங்கே போவார்?

தினமும் வேலையும் இருக்காது. சித்திரையில் கோடை மழைக்கு முன்னால் கொஞ்சம். ஆனி, ஆடியில் நிறைய. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வருகிற காற்று கோயம்புத்தூரை எப்படி ஆட்டும் என்று நமக்குத் தெரியாதா? கணவாயின் அகலம் சுமார் 30 கிலோமீட்டர். மேற்கு மலையில் அது ஒன்றுதான் பெரிய வாசல். காற்று அடிக்கிற நாளில்தான் ஜனங்களுக்கு மரத்தின் நினைப்பு வரும். "நாளைக்கே வாங்க" என்று போன் வரும். ஆனால் மரத்தில் ஏறவே கூடாத நாளும் அந்தக் காற்று நாள்தான்! பிறகு ஐப்பசி மழை. அதற்கப்புறம் தை வரைக்கும் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

46 கிலோ ரம்பம்

ஒரு காலத்தில் இந்தத் தொழிலுக்குக் கருவி என்றால் கோடாரி, கொடுவாள், ஆளுக்கொரு பக்கம் நின்று இழுக்கிற பெரிய ரம்பம். அடிமரம் ஒன்றை அறுக்க அரை நாள் ஆகும்.

ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் என்ற எஞ்சினீயர் 1926-ல் கரண்டில் ஓடும் ரம்பம் ஒன்று செய்தார். 1929-ல் பெட்ரோலில் ஓடுவது வந்தது. எடை 46 கிலோ! இரண்டு பேர் தூக்கவேண்டும். அதை வைத்துக்கொண்டு மரத்தில் ஏற முடியுமா? தரையில் நின்றுதான் அறுத்தார்கள். 1950-களில்தான் ஒரே ஆள் தூக்குகிற ரம்பம் வந்தது. இன்றைக்குச் சின்ன மிஷின் ஒன்று நாலு கிலோ சுமாருக்குள் அடங்கிவிடுகிறது. அதனால்தான் அது மரத்தின் மேலே ஏறியது. ஆபத்தும் கூடவே ஏறியது.

செயின் முழு வேகத்தில் ஓடும்போது நொடிக்கு 20 மீட்டர் சுமாருக்குப் பாய்கிறது. மணிக்கு 70 கிலோமீட்டர்! கொடுவாள் காலில் பட்டால் காயம். இது பட்டால் எலும்பு வரை போய்விடும்.

எந்த மிஷின் வாங்குவது?

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர் செய்கிற முதல் காரியம், பெரிய மிஷினாகப் பார்த்து வாங்குவது. ஆன்லைனில் "58 சிசி, 22 இஞ்ச்" என்று சீனச் சரக்கு ஏழெட்டு ஆயிரத்துக்கே கிடைக்கிறது. பார்க்க ராட்சசன் மாதிரி இருக்கும். கம்பெனி சாமான், ஸ்டில் ஆகட்டும், சுவீடனின் ஹஸ்க்வர்னா ஆகட்டும், சின்ன மிஷினே 25 ஆயிரம், 30 ஆயிரம் ஆகிறது. எது கையைக் கவரும்? ராட்சசன்தான்!

ஆனால் அந்த மிஷின் தரையில் நின்று அடிமரம் அறுக்க ஏற்றது. அதைத் தூக்கிக்கொண்டு கிளையில் நின்றால் பத்து நிமிடத்தில் தோள் கழன்றுவிடும். மேலே போவதற்கு 12 இஞ்ச், 14 இஞ்ச் பிளேடு போட்ட சின்ன மிஷின் போதும். அனுபவஸ்தர்கள் இரண்டு மிஷின் வைத்திருப்பார்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று.

மரம் ஏறுகிறவர்களுக்கென்றே, கைப்பிடி மேலே வைத்த தனி மிஷினும் உண்டு. எடை குறைவு. இடுக்கில் புகும். ஆனால் அதில் ஒரு வினை இருக்கிறது. ஒரே கையால் ஓட்டலாம் போலத் தோன்றும்! ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அறுப்பார்கள். பிளேடு நுனியின் மேல் பாதி எதிலாவது இடித்தால் மிஷின் எகிறி முகத்தை நோக்கித் திரும்பும். இரண்டு கையால் பிடித்திருந்தால் தாங்கலாம். ஒரு கையில்? அந்த எகிறலை நிறுத்தத்தான் கைப்பிடிக்கு முன்னால் ஒரு செயின் பிரேக் வைத்திருக்கிறார்கள். செகண்ட்ஹேண்ட் மிஷின் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்த பிரேக்கைத்தான். பெயிண்டைப் பார்த்து ஏமாறக்கூடாது.

சீனச் சரக்கு எல்லாம் மோசமா? அப்படியும் சொல்ல முடியாது. நாலு மாதம், எட்டு மாதம் நன்றாகவே ஓடும். பிறகு ஸ்பேர் கிடைக்காது. நடுக்கமும் அதிகம். நல்ல மிஷினில் கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஸ்பிரிங்கோ ரப்பரோ வைத்து நடுக்கத்தைக் குறைத்திருப்பார்கள். நடுங்கும் மிஷினை வருடக்கணக்கில் பிடித்தால் விரல் நுனிகள் மரத்து, வெளுத்துப் போகும். 1960-களில் வெளிநாட்டுக் காட்டு வேலைக்காரர்களிடம் டாக்டர்கள் கண்டுபிடித்த நோய் இது. குளிர்காலத்தில் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாது.

பேட்டரி ரம்பமும் வந்துவிட்டது. சத்தம் குறைவு, புகை இல்லை. மரத்தின் மேலே நின்று கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்யும் தொல்லை இல்லை. ஆனால் நாள் பூரா ஓட்ட இரண்டு மூன்று பேட்டரி வேண்டும். பேட்டரி விலை மிஷின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. கொஞ்ச காலம் போகட்டும்.

20 மில்லி ரகசியம்

மிஷின் மெக்கானிக் கடையில் போய்ப் பாருங்கள். பிஸ்டன் உருகிக் கிடக்கும் மிஷின்களுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம். ஆயில் கலப்பது கண்ணளவு!

இந்த எஞ்சினுக்குத் தனியாக ஆயில் ஊற்ற இடம் கிடையாது. பெட்ரோலிலேயே கலக்கவேண்டும். கம்பெனி சொன்ன நல்ல டூஸ்ட்ரோக் ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி. அதாவது ஐம்பதுக்கு ஒன்று. சாதாரண டூஸ்ட்ரோக் ஆயில் என்றால் அதைப்போல இரண்டு மடங்கு. மருந்துக் கடையில் இருமல் டானிக்கோடு தருகிற அளவு மூடி ஒன்றை வைத்துக்கொண்டால் ஒரு பிரச்சினையும் இல்லை. செய்கிறவர்கள் குறைவு.

இன்னொன்று. இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை உறிஞ்சும். மிஷினைப் பத்து நாள் சும்மா வைப்பதானால் டாங்கைக் காலி செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும்.

செயின் கூர் பற்றி ஒரு சின்ன அடையாளம். அறுக்கும்போது சீவல் சீவலாகத் தெறித்தால் கூர் இருக்கிறது. மாவு மாதிரி தூள் கொட்டினால் மழுங்கிவிட்டது. மழுங்கிய செயினை வைத்துக்கொண்டு அமுக்குவார்கள். மேலே நின்று அமுக்கினால் ஆள் நிலை தடுமாறும். ஒரு வட்ட அரம், ஐந்து நிமிட வேலை. டீ குடிக்கிற நேரத்தில் முடியும்.

கயிறு

மிஷினுக்குத் தவணை கட்டுகிறவர் கயிறுக்கு என்ன செலவு செய்கிறார்? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

மிஷின் சம்பாதித்துக் கொடுக்கும். கயிறு சம்பாதித்துக் கொடுக்காது. மிஷின் பெரிதாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும், அடுத்த வீட்டுக்குப் போகலாம். கயிறு கட்டினால் வேலை தாமதமாகும். ஒவ்வொரு கொப்பு மாறும்போதும் அவிழ்த்துக் கட்டவேண்டும். "எத்தனை நேரமய்யா?" என்று வீட்டுக்காரர் கீழே இருந்து கேட்பார். அதனால் எது முதலில் கழறும்? கயிறுதான்!

கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும் நைலான் கயிறுதான் பலரிடம் இருக்கிறது. லாரியில் பாரம் கட்டியது, கிணற்றில் மோட்டார் இறக்கியது, அதே கயிறு! வெயிலில் கிடந்த நைலான் மேலுக்கு நன்றாகத் தெரியும். உள்ளே உளுத்திருக்கும். முடிச்சுப் போட்ட இடத்தில் கயிற்றின் பலம் பாதி வரைக்கும் குறைந்துவிடும் என்பதும் பலருக்குத் தெரியாது.

முழு உடம்புக்கும் மாட்டும் பெல்ட் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாயிலிருந்து கிடைக்கிறது. தொடையில், தோளில் எல்லாம் பட்டை வரும். வெறும் இடுப்புக் கயிறு இருக்கிறதே, அது விழுகிற ஆளைப் பிடித்து நிறுத்தும். நிறுத்துகிற வெட்டில் முதுகை முறிக்கும்! பெல்ட்டில் தொங்குகிற ஆளையும் சீக்கிரம் இறக்கவேண்டும். அசைவில்லாமல் தொங்கினால் ரத்தம் காலிலேயே தங்கி மயக்கம் வரும். ஆகவே கீழே நிற்பவருக்கும் ஏறத் தெரிந்திருக்கவேண்டும். தனியாக ஏறுவது தற்கொலைக்குச் சமம்.

வெளிநாட்டில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். மேலே மிஷின் ரம்பம் ஓட்டும்போது ஆள் இரண்டு இடத்தில் கட்டப்பட்டிருக்கவேண்டும். ஒரு கயிறு ஏறுகிற கயிறு. இன்னொன்று மரத்தைச் சுற்றி இடுப்போடு சேர்க்கும் குட்டைக் கயிறு. அந்தக் குட்டைக் கயிற்றின் உள்ளே பல இடங்களில் இரும்புக் கம்பி வைத்துப் பின்னியிருப்பார்கள். ஏன் தெரியுமா? ஓடுகிற செயின் தப்பித் தவறி நைலான் கயிற்றில் பட்டால் ஒரு நொடி போதும்!

உடுப்பு இன்னொரு சங்கதி. செயின் பட்டால் உள்ளே இருக்கும் நீளமான நாரெல்லாம் வெளியே வந்து மிஷினைச் சுற்றி நிறுத்திவிடுகிற பேண்ட் உண்டு. நம் சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு மரம் ஏறச் சொன்னால் ஏறுகிறவர் நம்மை வெட்டுவார்! நியாயமும்தான். ஆனால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மிஷின் ஓட்டுவது எந்த நியாயம்? செயினில் துணி ஒரு முழம் சிக்கினால் போதும். ஹெல்மெட், கண்ணாடி, காதுக்கு அடைப்பான் மூன்றும் சேர்த்து ஒரு நாள் கூலியை எட்டாது.

200 கிலோ கொப்பு

ஒரு அடி குறுக்களவு, பத்தடி நீளம் உள்ள பச்சைக் கொப்பு என்ன எடை இருக்கும்? சும்மா கணக்குப் போட்டாலே சுமார் 200 கிலோ வருகிறது. நாலு அரிசி மூட்டை! அதை ஓட்டு வீட்டின் மேல் படாமல், காம்பவுண்டுச் சுவரை உடைக்காமல் இறக்குவதுதான் வித்தை.

முதலில் அடியில் ஒரு வெட்டு, மூன்றில் ஒரு பங்கு ஆழம். பிறகு கொஞ்சம் தள்ளி மேலே இருந்து ஒரு வெட்டு. கொப்பு கழன்று விழும். கடைசியாக மிஞ்சிய குச்சத்தை மரத்தை ஒட்டி எடுக்கவேண்டும். அடி வெட்டுப் போடாமல் மேலே இருந்து மட்டும் அறுத்தால், கொப்பு ஒடிந்து தொங்கி, பட்டையை அடிமரம் வரைக்கும் உரித்துக்கொண்டு போகும். உரிகிற நேரத்தில் ஆளையும் சேர்த்து அடிக்கும்.

"மரத்தை ஒட்டி" என்றால் எவ்வளவு ஒட்டி? இதில் ஒரு ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ என்ற விஞ்ஞானி, மிஷின் ரம்பத்தை எடுத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து பார்த்தார். மனிதன் காயம் மாதிரி மரத்தின் காயம் ஆறுவதில்லை, மரம் அந்த இடத்தைச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது என்று 1970-களில் சொன்னார். கொப்பு பிறக்கிற இடத்தில் மோதிரம் மாதிரி ஒரு வீக்கம் இருக்கும். அந்த வீக்கத்தை விட்டு வெட்டினால் மரம் அடைத்துக்கொள்ளும். வீக்கத்தையும் சேர்த்து வழித்து வெட்டினால் அழுகல் அடிமரத்துக்குள் இறங்கும். வெட்டிய இடத்தில் தார் பூசுவதிலும் பெயிண்ட் அடிப்பதிலும் பயன் இல்லை என்றும் காட்டினார்.

நம் ஊரில் என்ன நடக்கிறது? "ஒரேயடியா மொட்டை அடிச்சுடுங்க, அஞ்சு வருசத்துக்குத் தொல்லை இருக்கக் கூடாது" என்கிறோம். மொட்டை அடித்த மரம் பதறிப்போய் பத்துக் கிளைக்குப் பதில் நூறு கிளை விடும். எல்லாம் மேல்தோலில் ஒட்டிக்கொண்டு நிற்கிற கிளை. உள்ளே பிடிப்பு இல்லை. மூன்றாவது வருடம் ஆடிக் காற்றில் காரின் மேல் விழும். மறுபடி ஆளைக் கூப்பிடுவோம். மறுபடி அதே பேரம்! அந்த ஒட்டுக் கிளையில் கால் வைக்கப் போகிறவரும் அவர்தான்.

மரத்துக்கு மரம் குணம் வேறு. புளி நம்பலாம், நார் உறுதி. வேம்பும் பரவாயில்லை. முருங்கையை நம்பி ஏறுகிறவன் முட்டாள் என்று நம் பாட்டிமார்களுக்கே தெரியும். மடகாஸ்கரில் இருந்து வந்த குல்மோகர் பூக்கும்போது அழகு, ஒடியும்போது சொல்லாமல் ஒடியும். தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த தூங்குமூஞ்சி மரம் நிழல் கொடுப்பதில் ராஜா. ஆனால் கொப்பு அகலமாக ஓடி, நுனியில் பாரம் சேர்ந்து நிற்கும். போதாக்குறைக்கு முசுறு எறும்பு, கொப்புக்கு அடியில் தொங்கும் மலைத்தேனீக் கூடு. மிஷின் சத்தத்துக்குத் தேனீ கிளம்பினால் மேலே இருப்பவர் எங்கே ஓடுவார்?

கம்பி பக்கம் போகாதே!

எல்லாவற்றையும்விடப் பெரிய எமன் கரண்டு கம்பி.

வீதியில் போகிற உயர் அழுத்தக் கம்பியில் 11 ஆயிரம் வோல்ட் இருக்கிறது. பச்சைக் கொப்பு ஈரமாக இருந்தால் அதுவே கம்பிதான். ஆள் தொடவேண்டியதில்லை. வெட்டிய கொப்பு சாய்ந்து கம்பியில் பட்டால் போதும். இரும்புக் கம்பியில் அரிவாள் கட்டிய தொரட்டியும் எமனின் கைத்தடிதான்.

மின்வாரிய ஆட்களிடம் சொல்லி, லைனை நிறுத்தச் செய்துவிட்டுத்தான் ஏறவேண்டும். "ஒரு கொப்புதானுங்க, அஞ்சு நிமிசம்" என்பதுதான் பல சாவுகளுக்கு முன்னுரை. 2021-ல் தொடங்கிய மின்னகம் எண் 94987 94987. எந்த நேரமும் கூப்பிடலாம். மாதாந்திர மின்தடை நாளில் வேலையை வைத்துக்கொள்வது இன்னும் சுலபம். அதுதான் பேப்பரில் முன்கூட்டியே போடுகிறார்களே!

ரோட்டோரத்து மரம் என்றால் இன்னொரு சிக்கல். அது அரசு மரம். வீட்டு வாசலை மறைக்கிறது, கடை போர்டை மறைக்கிறது என்று நாமாக ஆளை வைத்து வெட்ட முடியாது. 2021-ல் கலெக்டர் தலைமையில் மாவட்டந்தோறும் பசுமைக் குழு அமைக்க அரசு உத்தரவிட்டது. பொது இடத்து மரத்தை வெட்ட அதன் அனுமதி வேண்டும். சந்தன மரம் நம் சொந்த வீட்டில் நின்றாலும் வனத்துறையைக் கேட்காமல் தொடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வந்து வெட்டச் சொல்கிற கடைக்காரர்களும் இருக்கிறார்கள். மாட்டினால் வழக்கு யார் மேல்? ரம்பம் யார் கையில் இருந்ததோ அவர் மேலும்தான்!

ஒன்றரை நொடி

30 அடியிலிருந்து ஒரு ஆள் தரையில் விழ ஒன்றரை நொடிகூட ஆகாது. மோதும் வேகம் மணிக்கு 48 கிலோமீட்டர். அவினாசி ரோட்டில் போகும் டவுன் பஸ்ஸின் வேகம்.

செத்தால் ஒரு கதை. பிழைத்தால் வேறு கதை. முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டால், 30 வயது ஆள் பாயோடு கிடப்பார். மரத்திலிருந்து விழுந்து இப்படி ஆனவர்கள் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் புதியவர்கள் அல்ல.

வேலூர் சி.எம்.சி. டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் நடந்த கார் விபத்தில் முதுகு முறிந்து கால்கள் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். 1966-ல் வேலூரில் முதுகு முறிந்தவர்களுக்கான மறுவாழ்வு நிலையம் உருவாக அவரே காரணம். இன்று அது அவர் பெயரில் இருக்கிறது. மரத்திலிருந்து விழுந்தவர்களுக்குச் சக்கர நாற்காலியில் உட்காரவும், புண் வராமல் படுக்கவும், திரும்ப ஒரு தொழில் செய்யவும் அங்கே சொல்லித் தருகிறார்கள்.

விழுந்த ஆளை எப்படித் தூக்குவது என்பது கீழே நிற்கும் பையனுக்குத் தெரியவேண்டும். கையையும் காலையும் பிடித்து ஆட்டோவில் மடக்கிப் போட்டால், பாதி முறிந்த முதுகு முழுதாக முறியும். அசைக்காமல் விட்டு 108-ஐக் கூப்பிடவேண்டும். தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால் பலகை மேல், தலையும் கழுத்தும் ஆடாமல்.

தென்னைக்கு உண்டு; வேம்புக்கு இல்லை

இதே மரம் ஏறும் தொழிலில் ஒரு பிரிவுக்கு மட்டும் கொஞ்சம் விடிவு வந்திருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னை ஏற ஆள் கிடைக்கவில்லை என்ற கூக்குரல் பல வருடமாக உண்டு. காலில் தளைக்கயிறு போட்டு, நெஞ்சை உரசி ஏறுகிற வேலைக்குப் பிள்ளைகள் வரமாட்டேன் என்றுவிட்டார்கள்.

அதனால் கருவிகள் பிறந்தன. கேரளத்தில் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் என்பவர் செய்த கருவி பிரபலம். இரண்டு இரும்புச் சட்டம். இரண்டிலும் கம்பி வளையம். நின்றபடி காலை மாற்றி மாற்றித் தூக்கினால் சைக்கிள் மிதிப்பது போல மரம் ஏறிவிடலாம். நம் கோவையைச் சேர்ந்த டி.என்.வெங்கட் தென்னை மட்டுமல்லாமல் வேறு மரங்களுக்கும் பொருந்துகிற கருவி ஒன்றை உருவாக்கினார். உட்கார்ந்துகொண்டு ஏறுகிற மாதிரியை நம் வேளாண்மைப் பல்கலைக்கழகம் கொண்டுவந்தது. ஆனால் இவை எல்லாம் கிளையில்லாத நெட்டை மரத்துக்கு. வாது வாதாகப் பிரிகிற வேம்பிலும் தூங்குமூஞ்சியிலும் எடுபடாது. அங்கே பழையபடி கையும் காலும் கயிறும்தான்.

2011-ல் தென்னை வளர்ச்சி வாரியம் "தென்னை மரங்களின் நண்பர்கள்" என்ற பயிற்சியைத் தொடங்கியது. கருவியில் ஏறக் கற்றுக்கொடுத்தார்கள். தென்னை ஏறுவோருக்கு விபத்து இன்சூரன்சும் உண்டு. பிரீமியத்தில் பெரும் பங்கை வாரியமே கட்டுகிறது.

காந்திபுரத்தில் வேம்பு அரக்குகிறவருக்கு? அவர் தென்னைக்காரர் இல்லை. அந்தத் திட்டத்தில் சேர முடியாது. தொழிற்சாலை ஆளும் இல்லை, இ.எஸ்.ஐ. கிடையாது. நஷ்டஈடு கேட்கலாமா என்றால் முதலாளி யார்? நாலாயிரம் பேசிய வீட்டுக்காரரா? "நான் காண்ட்ராக்டுக்குத்தான் விட்டேன்" என்று அவர் ஒதுங்கிக்கொள்வார். அவரும் ரிட்டயர்டு கிளார்க்காக இருப்பார், பாவம்! மேலே ஏறியவரின் உதவியாள் விழுந்தாலோ கதை இன்னும் சிக்கல். அப்போது கூலி கொடுத்த மரவெட்டியே முதலாளி ஆகிவிடுகிறார்.

அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியத்தில் 18 வயது முதல் 60 வரை பதிவு செய்யலாம். தொழிலாளர் துறை ஆபீசில் விவரம் கிடைக்கும். அதைவிடச் சுலபமாக ஒன்று இருக்கிறது. 2015-ல் வந்த பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா. பாங்கில் சேமிப்புக் கணக்கு இருந்தால் போதும். வயது 18 முதல் 70 வரை. முதலில் வருடத்துக்கு ரூ.12 ஆக இருந்தது, 2022-ல் இருந்து ரூ.20. விபத்தில் இறந்தாலோ, இரண்டு கால் அல்லது இரண்டு கை செயலிழந்தாலோ ரூ.2 லட்சம். ஒரு கை அல்லது ஒரு கால் போனால் ரூ.1 லட்சம். என்ன தொழில் செய்கிறீர்கள் என்று பார்ப்பதில்லை. ஒரு டீயும் வடையும் சாப்பிட்டால் இந்தக் காசு தீர்ந்துவிடும்.

பாரம் ஒரு பக்கம்தான். பாங்கில் கேட்டால் தருவார்கள், நாமினி பெயரை மறக்காமல் எழுதவேண்டும். பாலிசி வருடம் ஜூன் 1-ந் தேதி முதல் மே 31 வரை. பணத்தை பாங்கே மே மாதக் கடைசியில் எடுத்துக்கொள்ளும். அன்றைக்குக் கணக்கில் 20 ரூபாய் இல்லாவிட்டால் பாலிசி காலாவதி. ஆடிக் காற்று தொடங்குவது அதற்கு அடுத்த வாரங்களில்தான்.